தட்டையாகத் தெரியும் நிலக்காட்சிப் படங்களைத் திருத்துதல்: தூத்துக்குடிக் கடற்கரையை முன்வைத்து

நேரில் அழகாகத் தெரிந்த ஒரு காட்சி, ஒளிப்படத்தில் வெளிறிப்போய், ஆழமில்லாமல், சாம்பல் பூசியதுபோல் வருவது உண்டு. இத்தகைய படத்தைத் தட்டையான படம் என்கிறோம். படத்தில் முழுக் கறுப்பும் இல்லை, முழு வெள்ளையும் இல்லை; எல்லாம் நடுவில் ஒரு சிறு எல்லைக்குள் அடங்கிவிடுகின்றன. அருகில் உள்ளது எது, தொலைவில் உள்ளது எது என்று கண்ணுக்குப் பிரித்தறிய முடிவதில்லை.

தூத்துக்குடியில் முயல் தீவிலோ உப்பளங்களின் கரையிலோ நின்று துறைமுகத்தை நோக்கிப் படம் எடுத்தவர்கள் இதை நன்கு அறிவர். கப்பல்கள், பளுதூக்கிகள், அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், அவற்றுக்குப் பின்னால் வானம் எல்லாம் ஒரே நிறத்தில் கரைந்திருக்கும். முன்னால் உள்ள உப்புகூட வெள்ளையாக இல்லாமல் அழுக்குச் சாம்பலாகத் தெரியும். உடனே கைப்பேசியைத் திறந்து கான்ட்ராஸ்ட், சாச்சுரேஷன், டீஹேஸ் ஆகிய மூன்றையும் வலப்பக்கம் இழுப்பது பலரின் வழக்கம். படம் பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் கடல் மாலத்தீவு நீலத்துக்கும், வானம் புயல் நாள் கருமைக்கும் போய்விடும். அந்த ஊர்க்காரர் பார்த்தால் "இது நம்ம ஊர் மாதிரி இல்லையே" என்பார்.

இந்தச் சிக்கலைப் புரிந்துகொள்ள ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்வது போதும். படத்தின் தட்டைத்தன்மை இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று கருவி உண்டாக்குவது. மற்றொன்று காற்று உண்டாக்குவது. கருவி உண்டாக்கியதை முழுவதும் நீக்கலாம். அது அங்கே இருந்ததே இல்லை. காற்று உண்டாக்கியதோ அந்த இடத்தின் இயல்பு. அதைக் குறைக்கலாம், அழிக்கக் கூடாது. எது எந்த வகை என்று தெரிந்தபின் திருத்துவதே இயற்கைத் தன்மை கெடாமல் திருத்துவதற்கான வழி.

காற்று உண்டாக்கும் தட்டைத்தன்மை

கடலலைகள் உடையும்போது எழும் நுண்துளிகள் காற்றில் உலர்ந்து உப்புத் துகள்களாக மிதக்கின்றன. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பு நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் சமையலறை உப்புச் சாடி கசிவதும் இதனால்தான். காற்றில் மிதக்கும் துகளும் அப்படியே நீரை இழுத்துப் பருக்கிறது. பருத்த துகள் எல்லா நிற ஒளியையும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறடிக்கும். ஆகவே கடற்கரை மூட்டம் வெள்ளையாக இருக்கிறது.

மலைப்பகுதியில் தொலைவு நீலமாகத் தெரிவது வேறு கதை. அங்கே காற்றின் மூலக்கூறுகளே நீல ஒளியை மிகுதியாகச் சிதறடிக்கின்றன. குற்றாலத்தில் எடுத்த படத்துக்குப் பொருந்தும் திருத்தம் தூத்துக்குடிப் படத்துக்குப் பொருந்தாமல் போவதற்கு இது ஒரு காரணம். தென்மேற்குக் காற்று பலமாக வீசும் மாதங்களில் இன்னொரு மாற்றமும் உண்டு. திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காடுகளின் செம்மணல் நகர்வதும் புழுதி எழுவதும் அப்போதுதான். அந்த நாள்களில் மூட்டம் வெள்ளையாக இல்லாமல் மெல்லிய பழுப்பு ஏறியிருக்கும்.

மூட்டம் எவ்வளவு தின்றுவிடுகிறது என்பதைக் கணக்கிடலாம். ஜெர்மானிய அறிவியலாளர் கோஷ்மீடர் 1924இல் வெளியிட்ட விதிப்படி, தொலைவு கூடக்கூட ஒளிமாறுபாடு படிப்படியாக அல்லாமல் மடக்கு விகிதத்தில் தேய்கிறது. பார்வைத் தொலைவு 10 கிலோமீட்டர் உள்ள நாளில், 2.5 கிலோமீட்டரில் உள்ள பொருளின் ஒளிமாறுபாட்டில் சுமார் 38 விழுக்காடே நம்மை வந்தடையும். 5 கிலோமீட்டரில் அது சுமார் 14 விழுக்காடு. 10 கிலோமீட்டரில் வெறும் 2 விழுக்காடு. கண்ணால் பிரித்தறியக்கூடிய எல்லை அதுவே. கடலில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல் வெளிறித் தெரிவது கேமராவின் குறையல்ல என்பது இதிலிருந்து விளங்கும்.

ஒளி வரும் திசையையும் கவனிக்க வேண்டும். இக்கடற்கரை கிழக்கு நோக்கியது. காலையில் கடலைப் பார்த்து எடுத்தால் ஒளி எதிரே இருக்கும். மாலையில் கடலைப் பார்த்து எடுத்தால் ஒளி முதுகுப்பக்கம் இருக்கும், நிழல்கள் பொருள்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். நிழல் தெரியாத படத்தில் உருண்டைத்தன்மையும் தெரியாது. தூத்துக்குடி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 9 பாகைக்கும் சற்றுக் குறைவான தொலைவில் உள்ளதால், ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் பகல் 12.15 மணியைத் தாண்டியதும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அந்த வேளையில் உப்பு அம்பாரத்துக்கு நிழலே இராது. அப்போது எடுத்த படத்தில் இல்லாத நிழலை எந்த மென்பொருளாலும் உண்மையாகக் கொண்டுவர முடியாது.

கருவி உண்டாக்கும் தட்டைத்தன்மை

கேமராவின் ஒளிமானி, தன் முன் உள்ள காட்சி நடுத்தரச் சாம்பல் அளவுக்கு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று எடுத்துக்கொண்டுதான் கணக்கிடும். உப்பளத்தில் இந்தக் கணக்கு தவறிவிடும். சட்டம் முழுதும் உப்பு இருந்தால் "வெளிச்சம் அதிகம்" என்று எண்ணி, கேமரா படத்தை இருட்டாக்கும். வெள்ளை உப்பு சாம்பலாவது இதனால்தான். பனிப்பிரதேசத்தில் படம் எடுப்பவர்களுக்கும் இதே தொல்லை. எடுக்கும்போதே எக்ஸ்போஷரை 1 முதல் 1.5 ஸ்டாப் வரை கூட்டிவைத்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது லென்ஸ். கடற்கரையில் அரை மணி நேரம் நின்றாலே லென்ஸின் முகப்பில் உப்புப் படலம் படிந்துவிடும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் எதிரொளியில் அது படம் முழுவதும் வெண்திரை போடும். இதை மூட்டம் என்று நினைத்துக் கணினியில் மணிக்கணக்கில் போராடுபவர்கள் உண்டு. உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புப் படிகம் கண்ணாடியைக் கீறும். முதலில் ஊதுகுமிழால் ஊதி, பிறகு சற்றே ஈரமான மென்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். உப்பளத்தின் தரையே ஒரு பெரிய கண்ணாடிபோல் ஒளியைக் கீழிருந்தும் அனுப்புவதால், லென்ஸ் மறைப்பு அணிவதும் பயன் தரும். சூரியனுக்குச் செங்குத்தான திசையில் படம் எடுக்கும்போது போலரைசர் வடிகட்டி மூட்டத்தை ஓரளவு வெட்டும். அகன்ற கோண லென்ஸில் மட்டும் அது வானத்தின் ஒரு பகுதியைக் கருக்கி, மறுபகுதியை வெளிறவிடும்.

மூன்றாவது, ரா கோப்பு. உணரி பதிவுசெய்த அளவுகளை அப்படியே வைத்திருக்கும் கோப்பு இது. நம் கண் ஒளியை உணரும் விதம் வேறு, உணரி எண்ணும் விதம் வேறு என்பதால், திருத்தாத ரா கோப்பு தட்டையாகவே திறக்கும். கேமரா தரும் ஜேபெக் படத்தில் இந்தத் திருத்தத்தைக் கேமராவே செய்துவிடுகிறது. ரா கோப்பு தட்டையாக இருப்பது கெடுதல் அல்ல. அது சமைக்காத அரிசி.

சிக்கல் புதிதல்ல

ஒளிப்படக்கலையின் தொடக்க காலத்திலேயே இந்தத் தொல்லை இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நெகட்டிவ்கள் நீல ஒளிக்கு மிகுதியாக வினைபுரிந்தன. நிலத்துக்குச் சரியாக ஒளி கொடுத்தால் வானம் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். மதராஸ் அரசின் ஒளிப்படக்காரராகப் பணியாற்றி, 1858இல் மதுரை, தஞ்சாவூர், திருவரங்கம் ஆகிய ஊர்களைப் படம் எடுத்த கேப்டன் லினேயஸ் டிரைப், தம் நெகட்டிவ்களின் மீதே வண்ணம் தீட்டி மேகங்களை வரைந்து சேர்த்தார். அதே காலத்தில் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் எடுத்து, தொடுவானத்தில் இரண்டையும் இணைத்து அச்சிட்டார். ஒரே வானத்தை வெவ்வேறு கடற்படங்களில் பயன்படுத்தியதும் உண்டு. இன்றைய செயலிகளில் ஒரே தொடுதலில் நடக்கும் வானம் மாற்றும் வசதிக்கு வயது 150க்கும் மேல். அவர்கள் வேதிப்பொருளின் குறையை ஈடுசெய்தார்கள் என்று சொல்லலாம். இன்றைய உணரிக்கு அந்தக் குறை பெரும்பாலும் இல்லை; ஆகவே அந்தச் சலுகையும் நமக்கு இல்லை.

திருத்தும் முறை

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு பார்ப்போம். படத்தின் கீழ்ப்பகுதியில் உப்புப் பாத்திகள், நடுவே பனையோலை வேய்ந்த அம்பாரங்களும் ஒரு பம்ப் செட் அறையும், தொலைவில் துறைமுகமும் புகைபோக்கிகளும், மேலே வானம். காலை 9 மணி. இதைத் திருத்த விலையில்லா மென்பொருள்களே போதும். ரா கோப்புக்கு டார்க்டேபிள் அல்லது ராதெரபி, மற்றவற்றுக்கு கிம்ப். லைட்ரூம், ஸ்னாப்சீட் போன்றவற்றிலும் இதே கருவிகள் வேறு பெயர்களில் கிடைக்கும்.

முதலில் ஹிஸ்டோகிராம் என்னும் ஒளிநிலை வரைபடத்தைப் பார்க்க வேண்டும். இடக்கோடி 0, அதாவது முழுக் கறுப்பு. வலக்கோடி 255, முழு வெள்ளை. தட்டையான படத்தில் மேடு முழுதும் நடுவில் குவிந்திருக்கும். 90க்கும் 210க்கும் இடையில் எல்லாம் அடங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரு பக்கமும் காலியாக இருக்கும் இடமே நாம் பயன்படுத்தக்கூடிய இடம்.

முதல் வேலை வெள்ளை எல்லையைக் குறிப்பது. படத்தில் உண்மையிலேயே மிக வெளிச்சமான பொருள் எது? வெயில் படும் உப்பின் விளிம்பு. அதை 255இல் வைத்தால் உப்பின் பரல்கள் மறைந்து, வெள்ளைத் தாளை வெட்டி ஒட்டியதுபோல் ஆகிவிடும். 245 அல்லது 250 அளவில் நிறுத்துவது நல்லது. நீரில் சூரியன் தெறிக்கும் புள்ளிகள் 255ஐத் தொட்டால் பரவாயில்லை; அவை நேரிலும் கண்ணைக் கூசவைப்பவைதாம்.

அடுத்தது கறுப்பு எல்லை. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கறுப்புப் புள்ளியை அருகில் உள்ள பொருளிலிருந்து எடுக்க வேண்டும். நம் படத்தில் பம்ப் செட் அறையின் திறந்த வாசல் இருட்டாக இருக்கும். அது கறுப்புக்குப் பக்கத்தில் போகலாம். துறைமுகத்தின் பளுதூக்கியைக் கறுப்பாக்க முயன்றால் படம் முழுதும் கெடும். தொலைவில் உள்ள எதுவும் நேரில் கறுப்பாகத் தெரியவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. இந்த இரண்டு எல்லைகளையும் சரியாக வைத்ததுமே கருவி உண்டாக்கிய தட்டைத்தன்மை பெரும்பாலும் நீங்கிவிடும். பல படங்களுக்கு இதற்கு மேல் ஒன்றுமே தேவைப்படாது.

மூன்றாவது வளைகோடு. கர்வ் என்று மென்பொருள்களில் குறிக்கப்படும் இக்கருவியில் கோட்டை மெல்லிய எஸ் வடிவில் வளைத்தால் நடுத்தர ஒளிநிலைகளுக்கு இடையே வேறுபாடு கூடும். மெல்லிய என்ற சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டும். கான்ட்ராஸ்ட் ஸ்லைடர் படம் முழுவதையும் ஒரே மாதிரி இழுக்கும்; வளைகோட்டில் எந்த ஒளிநிலையை மட்டும் மாற்றுவது என்று நாம் தீர்மானிக்கலாம். உப்புப் பாத்திகளின் வரப்புகள் 150க்கும் 190க்கும் இடையில் இருந்தால் அந்தப் பகுதியில் மட்டும் கோட்டைச் சற்றுச் செங்குத்தாக்கினால் வரப்புகள் எழுந்து நிற்கும். வானம் அசையாது.

இனி இடத்துக்கு இடம் வேறுபட்ட திருத்தம். மலைப்பகுதிப் படத்தில் எது தொலைவு என்று மாஸ்க் வரைவது கடினம். தட்டையான கடற்கரையில் ஒரு வசதி இருக்கிறது: சட்டத்தின் அடியில் இருப்பது அருகில், தொடுவானத்தில் இருப்பது தொலைவில். ஆகவே கிராஜுவேட்டட் ஃபில்டர் எனப்படும் படிநிலை வடிகட்டியை அடியிலிருந்து தொடுவானம் நோக்கிக் குறையும்படி போட்டால், அது ஏறத்தாழ உண்மையான தொலைவைப் பின்பற்றும். முன்புறத்துக்கு முழு ஒளிமாறுபாடு, அம்பாரங்களுக்குப் பாதி, துறைமுகத்துக்குச் சிறிதளவு என்று தானாகவே அமையும். வானத்துக்கு மேலிருந்து கீழாக இதேபோல் இன்னொன்று. தொடுவானத்தை ஒட்டிய பட்டை வெளிறியே இருக்கட்டும். மூட்டம் மிக அடர்த்தியாக இருப்பது அங்கேதான். பார்ப்பவரின் கண் தொலைவை அளப்பதும் அந்த வெளிறலைக் கொண்டுதான். ஐரோப்பிய ஓவியர்கள் பல நூற்றாண்டுகளாகத் தொலைவை இப்படித்தான் காட்டிவருகிறார்கள்.

சரியாக வந்திருக்கிறதா என்று சோதிக்க எளிய வழி, படத்தைத் தற்காலிகமாகக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்ப்பது. பம்ப் செட் அறை மிகக் கருமையாக, அம்பாரத்தின் நிழல்பக்கம் அதைவிட வெளிறி, புகைபோக்கி இன்னும் வெளிறி இருக்க வேண்டும். புகைபோக்கியும் பம்ப் செட் வாசலும் ஒரே கருமைக்கு வந்துவிட்டால் அளவு மீறிவிட்டது என்று பொருள். தொடுவானத்தை ஒட்டியும் புகைபோக்கியைச் சுற்றியும் வெள்ளைக் கீற்று தோன்றினாலும் அதே பொருள்தான். கிளாரிட்டி போன்ற கருவிகளை அதிகம் இழுத்ததன் அடையாளம் அது.

காற்றில்லாத நாள்களில் கடலும் வானமும் ஒன்றாகி, தொடுவானமே தெரியாமல் போவதுண்டு. படகு அந்தரத்தில் மிதப்பதுபோல் இருக்கும். அந்தப் படத்தில் ஒரு கோட்டை வரவழைக்க வேண்டியதில்லை. முத்துப்பார்கள் எல்லாம் அந்த நீரின் அடியில் பல மீட்டர் ஆழத்தில் கிடப்பவை. மேலிருந்து பார்த்தால் வெறும் நீர்தான். முத்துக்குளித்துறைக் கடலின் படம் என்பது பெரும்பாலும் சிறு சிறு ஒளி வேறுபாடுகளின் படம். அதைப் பெருக்கிக் காட்டுவதைவிடக் கெடுக்காமல் விடுவது மேல்.

டீஹேஸ் கருவியும் உப்பும்

மூட்டம் நீக்கும் கருவிகள் எப்படி வேலை செய்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டால், உப்பளப் படங்களில் அவை ஏன் சறுக்குகின்றன என்பது விளங்கும். கைமிங் ஹே, ஜியான் சுன், ஷியாவோ டாங் ஆகிய மூவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் புகழ்பெற்றது. அவர்கள் கண்டது எளிமையானது. மூட்டமில்லாத வெளிப்புறப் படத்தில் எந்தச் சிறு பகுதியை எடுத்தாலும், வானம் நீங்கலாக, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஏதோ ஒன்றாவது சில புள்ளிகளில் மிக இருட்டாக இருக்கும். இலையில் நீலம் குறைவு, செம்மண்ணில் நீலமும் பச்சையும் குறைவு, நிழலில் மூன்றும் குறைவு. மூட்டம் வந்தால் மூன்றுமே வெளிறும். ஆகவே ஒரு பகுதியில் மூன்று நிறங்களும் உயர்ந்திருந்தால் அங்கே மூட்டம் இருக்கிறது. எவ்வளவு உயர்ந்திருக்கிறதோ அவ்வளவு தடிமன். அதைக் கழித்துவிட்டால் தெளிவான படம் கிடைக்கும்.

உப்புக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. உப்பு இயல்பிலேயே மூன்று நிறங்களிலும் உயர்ந்தது. காலடியில் கிடக்கும் உப்பைக்கூடத் தொலைதூர மூட்டம் என்று கருவி எடுத்துக்கொண்டு, அதைக் கழிக்கப் பார்க்கும். விளைவாக அம்பாரம் நீலம் ஏறிய சாம்பல் குவியலாகிறது. வெண்மணல், நுரை, வெள்ளையடித்த கோயில் கோபுரம், தேவாலயச் சுவர் எல்லாவற்றுக்கும் இதே கதி. மணப்பாட்டின் மணற்குன்றையும் அதன்மேல் உள்ள தேவாலயத்தையும் படம் எடுத்துத் திருத்தியவர்கள் இதைப் பார்த்திருக்கலாம். இந்த அடிப்படையிலோ இதையொத்த கணிப்பிலோ இயங்கும் எந்தக் கருவியையும் உப்பின் மேல் முழுதாகப் போடக் கூடாது. மாஸ்க் இட்டு, தொலைவுப் பகுதிக்கு மட்டும், சிறிய அளவில் பயன்படுத்தலாம்.

இன்னொரு விலையும் இருக்கிறது. மேலே சொன்ன கணக்கில் 5 கிலோமீட்டர் தொலைவில் 14 விழுக்காடு ஒளிமாறுபாடே எஞ்சியிருந்தது. அதை முழுதாக மீட்க வேண்டுமானால் ஏறத்தாழ 7 மடங்கு பெருக்க வேண்டும். உணரியின் புள்ளி இரைச்சலும் சேர்ந்து 7 மடங்காகும். ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளே உள்ளன. அதில் 14 விழுக்காடு என்பது சுமார் 36 படிகள். 36 படிகளை 256 இடங்களுக்குப் பரப்பினால் வானத்தில் படிக்கட்டுப்போல் பட்டைகள் தோன்றும். 14-பிட் ரா கோப்பில் 16,384 படிகள் இருப்பதால் அங்கே இழுக்க இடம் அதிகம். நிலக்காட்சிக்கு ரா கோப்பில் எடுங்கள் என்று சொல்வதன் காரணம் இதுதான். ஆனாலும் இரைச்சல் போகாது. தொலைவை முழுதாக மீட்காமல் இரண்டு மடங்கோடு நிறுத்திக்கொள்வது கண்ணுக்கும் இதம், படத்துக்கும் பாதுகாப்பு.

நிறம்

வெண் சமநிலையைச் சரிசெய்ய உப்பே நல்ல அளவுகோல். புதிதாக வாரிய உலர்ந்த உப்பு ஏறத்தாழ நிறமற்றது. கண்சொட்டுக் கருவியால் அதைத் தொட்டால் படத்தின் நிறச்சாய்வு விலகும். ஆனால் சேறு கலந்த உப்பைத் தொட்டுவிடக் கூடாது. விடியற்காலைப் படத்திலும் இதைச் செய்யக் கூடாது. காலை 6.30 மணிக்கு உப்பு பொன்னிறமாகத்தான் இருந்தது. அதை வெள்ளையாக்கினால் விடியலே காணாமல் போகும்.

உப்புப் பாத்திகளின் இளஞ்சிவப்பைக் கண்டு, கேமரா கோளாறு என்று எண்ணி நீக்கிவிடுபவர்களும் இருக்கிறார்கள். நீரின் உப்படர்த்தி மிகும்போது அதில் வளரும் டுனாலியெல்லா என்னும் பாசியும் உப்பு விரும்பும் நுண்ணுயிர்களும் அந்த நிறத்தைத் தருகின்றன. அது உண்மையான நிறம். பக்கத்துப் பக்கத்துப் பாத்திகள் வெவ்வேறு நிறத்தில் இருப்பதும் அடர்த்தி வேறுபாட்டால்தான். மாறாக, மெல்லிய இளஞ்சிவப்பை ரோஜா நிறம்வரை ஏற்றிவிடுவது அடுத்த கோடி.

தேரி மணலில் எதிர்மாறான கவனம் தேவை. இரும்பு ஆக்சைடு பூசிய அந்த மணல் இயல்பாகவே மிகச் சிவப்பு. நிறச்செறிவைக் கூட்டினால் சிவப்பு அளவு முதலில் 255ஐத் தொட்டு நின்றுவிடும். மணலின் காற்றலைக் கோடுகள் மறைந்து சிவப்புச் சாயம் கொட்டியதுபோல் ஆகும். பொதுவாக, ஒளிமாறுபாட்டைக் கூட்டும்போதே நிறமும் தானாக ஏறும். எனவே ஒளிநிலையை முடித்துவிட்டு நிறத்துக்கு வந்தால், சாச்சுரேஷனைத் தொடவே தேவையிருக்காது. தேவைப்பட்டால், ஏற்கெனவே செறிந்த நிறங்களை விட்டுவிட்டு வெளிறியவற்றை மட்டும் உயர்த்தும் வைப்ரன்ஸைச் சிறிது பயன்படுத்தலாம்.

கைப்பேசிப் படங்கள்

கைப்பேசி பல படங்களை எடுத்து ஒன்றாக்கி, நிழலை வெளிச்சமாக்கி, வானத்தை இருட்டாக்கித் தருகிறது. இதனால் வரும் தட்டைத்தன்மை வேறு வகை: எல்லாம் தெரியும், ஆனால் எதற்கும் கனம் இராது. இதற்கு மேலும் கான்ட்ராஸ்ட் ஏற்றுவதைவிட நிழல் பகுதியைச் சற்று இறக்கிவிடுவது பலன் தரும். பல கைப்பேசிகளில் ரா முறையில் எடுக்கும் வசதி உள்ளது. அமைப்புகளில் தேடிப் பார்க்கலாம். திருத்தும்போது திரையின் ஒளியை நடுத்தரமாக வைத்துக்கொள்ள வேண்டும். இரவில் முழு வெளிச்சத் திரையில் திருத்திய படம் மறுநாள் அச்சில் இருண்டுபோய் வரும்.

எந்தக் கருவியில் செய்தாலும் ஒரு பழக்கம் உதவும். திருத்தத்தை முடித்ததும் அதன் வலிமையைப் பாதிக்குச் சற்று மேலாகக் குறைத்துப் பார்ப்பது. கிம்ப் மென்பொருளில் திருத்திய படத்தைத் தனி அடுக்காக மூலப்படத்தின் மேல் வைத்து, அதன் ஒளிபுகாமையை 60 அல்லது 70 விழுக்காட்டுக்கு இறக்கலாம். ஒரே படத்தை நெடுநேரம் பார்க்கும் கண் மிகையான நிறத்துக்குப் பழகிவிடுகிறது. மறுநாள் காலையில் பார்த்தால்தான் அது உறைக்கும்.

சான்றாக நிற்கும் படங்கள்

சுவரில் மாட்டும் படத்தில் மிகை இருந்தால் அது ரசனைக் குறைவு, அவ்வளவுதான். ஆனால் தூத்துக்குடிக் கடற்கரையின் படங்கள் பல வேளைகளில் சான்றுகளாகவும் பயன்படுகின்றன. 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் விலங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் நீரில் மூழ்கிவிட்டன. பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததே இதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. தூத்துக்குடிக்கு அருகில் உள்ள வான் தீவும் அரிக்கப்பட்டுச் சுருங்கி, அதைக் காக்கச் செயற்கைப் பாறைகள் கடலில் இடப்பட்டன. இத்தகைய தீவின் கரைக்கோட்டை இன்று ஒரு மாணவர் படம் எடுத்து, கிளாரிட்டியை இழுத்து ஆழமற்ற நீரின் வெளிறிய பட்டையை மணல்போலக் காட்டிவிட்டால், பத்தாண்டு கழித்து அதனோடு ஒப்பிடுபவர் ஏமாறுவார்.

புகைக்கும் இது பொருந்தும். டீஹேஸ் கருவிக்குக் கடல் மூட்டம் எது, புகைபோக்கியின் புகை எது, சாலைப்புழுதி எது என்று தெரியாது, எல்லாவற்றையும் கழிக்கும். "நகரின் காற்று" என்று தலைப்பிட்ட படத்தில் அதைப் பயன்படுத்தினால் காற்று தூய்மையாகிவிடும். ஒளிமாறுபாட்டை ஏற்றினால் மெல்லிய புகை கரும்புகையாகும். இரண்டுமே பொய். 2006இல் பெய்ரூட் நகரின் குண்டுவீச்சுப் படம் ஒன்றில் புகையை நகலெடுத்துப் பெருக்கிக் காட்டியதற்காக, ராய்ட்டர்ஸ் நிறுவனம் அந்தப் படக்கலைஞரின் படங்கள் அனைத்தையும் தன் தொகுப்பிலிருந்து நீக்கியது. 2015இல் அதே நிறுவனம், ரா கோப்பிலிருந்து உருவாக்கிய படங்களை அனுப்ப வேண்டாம், கேமரா தந்த ஜேபெக்கையே அனுப்புங்கள் என்று தனக்குப் படம் அனுப்பும் சுயாதீனப் படக்கலைஞர்களைக் கேட்டுக்கொண்டது. அதே ஆண்டு உலகப் பத்திரிகை ஒளிப்படப் போட்டியில் இறுதிக்கு முந்தைய சுற்றை எட்டிய படங்களில் ஐந்தில் ஒரு பங்கு, திருத்தம் வரம்பு மீறியதால் விலக்கப்பட்டது. கறுப்பு வெள்ளை எல்லைகளைச் சரிசெய்வது, வெண் சமநிலை, சிறிதளவு ஒளிமாறுபாடு ஆகியவற்றைப் பொதுவாக யாரும் குறை சொல்வதில்லை. சேர்ப்பது, நீக்குவது, காட்சியின் வானிலையையே மாற்றுவது ஆகியவை எல்லை தாண்டியவை.

சான்றாக வைக்கும் படத்துக்கு மூலக்கோப்பைத் தனியே சேமித்து, எடுத்த நாள், நேரம், திசை, செய்த திருத்தங்கள் ஆகியவற்றைக் குறித்துவைக்க வேண்டும். டார்க்டேபிள் போன்ற மென்பொருள்கள் மூலத்தைத் தொடாமல் திருத்தப் பட்டியலை மட்டும் தனிக்கோப்பாக வைப்பதால் இது தானாகவே நடக்கும்.

பழைய முத்துக்குளிப்புப் படங்கள்

தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961க்குப் பின் நடைபெறவில்லை. ஆகவே தோணிகளையும், கல்லைக் கட்டி மூழ்கியவர்களையும், கரையில் குவிந்த சிப்பிகளையும் காட்டும் படம் எந்த வீட்டின் பெட்டியிலோ தேவாலயத்தின் அலமாரியிலோ கிடைத்தாலும் அதற்கு மதிப்பு உண்டு. இவை பெரும்பாலும் மிகவும் வெளிறியிருக்கும். இங்கே தட்டைத்தன்மைக்கு மூன்றாவதாக ஒரு காரணம் சேர்கிறது: காலம். வெள்ளி மங்கிவிடும், தாள் மஞ்சளாகும்.

இத்தகைய அச்சைக் கறுப்பு வெள்ளையாக இல்லாமல் வண்ணத்திலேயே, 16-பிட் டிஃப் கோப்பாக வருடி எடுக்க வேண்டும். மஞ்சள் நிறம் தாளிலும் வெளிச்சப் பகுதிகளிலும் அதிகமாகவும், நிழலில் குறைவாகவும் இருக்கும். நீல அளவில் கறையும் மஞ்சளும் மிகுதியாகத் தெரியும் என்பதால், படத்தைத் திருத்தச் சிவப்பு அளவை மட்டும் எடுத்துக்கொண்டால் கறைகள் பாதி மறைந்துவிடும். கறுப்பு எல்லையை 0க்குக் கொண்டுபோக வேண்டாம். பழைய அச்சின் ஆழ்ந்த நிழல்கூட முழுக் கறுப்பாக இருந்ததில்லை, 20 அல்லது 25 போதும். மூழ்குபவரின் முகம் மங்கியிருந்தால் மங்கியபடியே விடவேண்டும். முகத்தைக் கூர்மையாக்கித் தரும் இன்றைய செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இருக்கும் முகத்தைத் தெளிவாக்குவதில்லை. எங்கோ கற்ற முகங்களிலிருந்து ஒரு புதிய முகத்தை வரைந்து வைக்கின்றன. திருத்திய பிரதியைத் தனிப்பெயரில் சேமித்து, வருடிய மூலக்கோப்பை வேறோர் இடத்திலும் ஒரு பிரதி வைத்தால், பின்னால் வருபவர் நம்மைவிடச் சிறந்த கருவியோடு மறுபடி முயன்று பார்க்கலாம்.